ராஜகனி அக்கா போகவேண்டிய ஊர்

சார், அந்த நாற்காலிய கொஞ்சம் அங்கிட்டு தள்ளிப் போட்டுக்கங்க, தூசி விழும். இந்தச் செவுத்துல பழைய டிஸ்டம்பர் அப்பளமா எந்திரிச்சு நிக்குது. சுரண்டாம மேல அடிச்சா ஆறு மாசத்துல எம்பேரக் கெடுத்துரும். நீங்க உக்காருங்க, நான் கைய ஓட்டிக்கிட்டே பேசுறேன். மேடம் என்னமோ சொன்னாங்களே, தை மாசம் எங்கிட்டோ போறீகன்னு? வியட்நாமா?

அட, நானும் போயிருக்கேன் சார். சிரிக்காதீங்க. பெயிண்டர் போகக்கூடாதா? போன மார்கழி, ஆறு நாள். ஹோய் ஆன்னு ஒரு ஊரு, ஆத்தங்கரையில. உங்க லிஸ்ட்ல இருக்கா பாருங்க. இருக்கா? இருக்கும், எல்லாரு லிஸ்ட்லயும் இருக்கு.

குளிருக்கு என்ன வேணும்னு மேடம் கேப்பாங்க. "என்னங்க, ஸ்வெட்டர் ரெண்டு எடுக்கவா, மூணு எடுக்கவா? அங்க போயி ஜலதோசம் புடிச்சா என்னத் திட்டாதீங்க." எப்படி? உள்ள சிரிக்கிறாங்க பாருங்க, அப்ப சரியாத்தான் இருக்கு. தப்பா நெனைக்காதீங்க மேடம், இது எனக்கு ஒரு வியாதி. ஒருத்தரு ரெண்டு நிமிசம் பேசுனா போதும், தொண்ட தானா அங்க போயி உக்காந்துக்கிரும். ஆறாவதுல கணக்கு வாத்தியாரு மாதிரி பேசி மொத்தக் கிளாசையும் வீட்டுக்கு அனுப்பிட்டேன். அன்னைக்கு என்னையும் அனுப்பிட்டாக, நான் அப்படியே போனவன்தேன், திரும்பல.

ஸ்வெட்டர் ஒண்ணு போதும் மேடம். நம்மூரு மார்கழிய விடக் கொஞ்சம் கூட, அம்புட்டுதேன். ஆனா தூத்தல் விடாது. நசநசன்னு பேஞ்சுக்கிட்டே இருக்கும். குடை எடுத்துக்கங்க.

எப்படிப் போனேன்னு கேக்கீகளா? நீங்க செவுத்துக்குப் பூசுற இந்தப் பட்டி மூட்டை வாங்குனீகள்ல, பஜார்ல, தனுஷ்கோடி பெயிண்ட்ஸ். அந்த அண்ணாச்சி கூடத்தான் போனேன். பெயிண்ட் கம்பெனிக்காரன் வருசா வருசம் டீலருக்கு ஒரு டார்கெட் வைப்பான். இத்தன வாளி வித்தா புருசன் பொண்டாட்டி ரெண்டு பேருக்கும் பாரின் டூரு. நம்ம அண்ணாச்சி எங்க வித்தாரு? அவரு கல்லாவுல உக்காந்து பேப்பர் படிப்பாரு. வித்தது பூராம் ராஜகனி அக்கா. அண்ணாச்சி சம்சாரம்.

நீங்க இந்த ஊருக்கு வந்து ஒரு வருசம்தான இருக்கும், அக்காவப் பாத்திருக்க மாட்டீக. கலர் கலக்குற மிஷின் இருக்குல்ல, அதுக்கு முன்னால நின்னாங்கன்னா எந்தக் கலருக்கு எந்த நம்பருன்னு பொஸ்தகம் பாக்காம அடிப்பாங்க. மொதல்ல ஒரு செருமல் வரும். ஃகும்ம். அப்பறம் பேச்சு. "டேய் சோலை, நாலு லிட்டர்ல முடியுற வேலைக்கு அஞ்சு லிட்டர் கேட்டு வந்து நிக்கிற, மிச்சத்த உன் மாமியார் வீட்டுக்கு அடிக்கப் போறியா? வெளங்குதா?" எதச் சொன்னாலும் கடைசியில ஒரு வெளங்குதா. நமக்கு வெளங்குனாலும் வெளங்காட்டியும்.

ஆனா சார், என்ன வாழ வச்சது அந்த வாய்தான். "யாரு நல்லா அடிப்பா"ன்னு எவன் வந்து கேட்டாலும், "சோலையக் கூப்டுங்க, வாய் ஓயாது, கை சுத்தம்"னு சொல்லிருவாங்க. பதினோரு வருசமா என் வேலை பூராம் அந்தக் கடையிலருந்து வந்ததுதான்.

டார்கெட்ட முடிச்சது ஆடி மாசம். ஆவணியில அக்கா போயிட்டாங்க. காலையில கடையத் தொறந்தாங்க, பத்து மணிக்கு நெஞ்ச வலிக்குதுன்னாங்க, மதுரைக்குப் போற வழியிலயே முடிஞ்சுபோச்சு. அம்பத்தி நாலு வயசு.

அதுக்கப்பறம் டூரு வருது. ரெண்டு சீட்டு. அண்ணாச்சி போகமாட்டேன்னு ஒரே புடி. மக மதிவதனி கோயம்புத்தூர்ல இருக்கு, அது மாசமா இருந்துச்சு, கூடப் போக முடியாது. அது சொல்லுது, "அப்பா, அம்மா ஆசப்பட்டது, நீங்களாவது போயிட்டு வாங்க." சரி, கூட யாரு? பாஸ்போர்ட் இருக்க ஆளு வேணும். நான் மலேசியாவுல ரெண்டு வருசம் பெயிண்ட் அடிச்சவன், எங்கிட்ட இருந்துச்சு. அப்படித்தான் சார் நான் போனேன். அக்கா உக்கார வேண்டிய சீட்டுல.

உக்காந்ததும் மொத நாளு எனக்கே ஒரு மாதிரி இருந்துச்சு. ரெண்டாம் நாளு பழகிருச்சு. பிளேன்ல ஜன்னல் சீட்டு சார், எவனுக்குப் பழகாது?

மொத்தம் முப்பத்தெட்டுப் பேரு. எல்லாம் டீலரு, டீலரம்மா. விருதுநகரு, தேனி, பரமக்குடி. அம்புட்டுப் பேரும் குரங்குக் குல்லா. அங்க ஊருக்காரன் அரைக்கை சட்டையில சைக்கிள் ஓட்டுறான், நம்மாளுக எவரெஸ்ட் ஏறப்போற மாதிரி நிக்கிறாக. ஆளாளுக்கு ஒரு பையில புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி. லான்னு பேரு, ஒரு பொண்ணு கைடு. கையில சின்னக் கொடி. "எவ்ரிபடி! பாலோ மை பிளாக்! நோ லாஸ்ட், ஓகே?" நான் ரெண்டாம் நாளே அந்தப் பொண்ணு மாதிரி பேசி நாலு பேர வேற பஸ்ல ஏத்திவிட்டுட்டேன். அந்தப் பொண்ணே விழுந்து விழுந்து சிரிச்சுச்சு. "யூ, வெரி பேட் மேன்"னுச்சு. அதத்தான் எல்லாரும் சொல்றாக, அந்தப் பொண்ணு இங்கிலீசுல சொல்லுச்சு.

அண்ணாச்சி மட்டும் சிரிக்கல. தின்னாரு, தூங்குனாரு, நடந்தாரு. ஒரு வார்த்த பேசல.

மூணாம் நாளு ஹோய் ஆன் போறோம். பஸ்ல எல்லாரும் என்னைய உசுப்பேத்துறாக. "சோலை, ராஜகனி அக்கா மாதிரி பேசு. டீலர் மீட்டிங்ல கம்பெனி மேனேஜர வாங்கு வாங்குன்னு வாங்குவாங்களே, அதப் பேசு." நான் மாட்டேன்னுட்டேன். சத்தியமா சார், மாட்டேன்னுட்டேன். அம்புட்டு புத்தி எனக்கு உண்டு.

பஸ் நின்னுச்சு. வெளிய தூத்தல். அண்ணாச்சி தலையில ஒண்ணும் இல்லாம படியில இறங்குறாரு. மப்ளர் சீட்டுலயே கெடக்கு. நான் எடுத்துக் குடுக்கணும், அவ்ளோதான? "அண்ணாச்சி, மப்ளர்"னு சொல்லணும். வாயத் தொறந்தா வேற வருது.

"ஃகும்ம். இந்தாங்க, மப்ளர உங்க தாத்தாவா வந்து கட்டுவாரு? வெளங்குதா?"

அண்ணாச்சி திரும்பக்கூட இல்ல சார். "இந்தா கட்டிட்டேன் கனி"ன்னாரு. கைய பின்னால நீட்டுனாரு. நான் மப்ளரக் குடுத்தேன். வாங்கிக் கட்டுனாரு. காதை மூடி நல்லா முடிச்சுப் போட்டாரு. போட்டப்பறம்தான் அப்படியே நின்னாரு.

பரமக்குடிக்காரம்மா ஒண்ணு வாயப் பொத்திக்கிட்டு அழுதுச்சு. டிரைவருக்கு ஒண்ணும் வெளங்கல, ஹாரன் அடிக்கிறான்.

நான் அண்ணாச்சி கால்ல விழாத கொற. "வாய் தவறிருச்சு அண்ணாச்சி, செருப்பால அடிங்க." அவரு இறங்கி நடந்தாரு. அத நெனச்சா இப்பவும் எனக்குத் தூக்கம் வராது சார். செத்தவங்கள வச்சு வெளாடுனது தப்பு. பெரிய தப்பு. இந்தத் தப்பத்தான் நான் எல்லார்ட்டயும் சொல்றேன்.

இன்னொண்ணு இருக்கு. அத யார்ட்டயும் சொன்னதில்ல.

டீயா மேடம்? வைங்க வைங்க. சக்கர தூக்கலாவே இருக்கட்டும்.

ஊரச் சொல்லிருறேன் சார், நீங்க போகப்போறீக. ஊரு பூராம் ஒரே மஞ்சள். எல்லா வீடும். நான் தொட்டுப் பாத்தேன், சுண்ணாம்பு. ஈரம் ஏறி, பாசி புடிச்சு, உரிஞ்சு கெடக்கு. ஒருத்தனும் பட்டி பாக்கல. அத நின்னு நின்னு போட்டோ எடுக்குறாக சார், வெள்ளக்காரனெல்லாம்! இங்க அப்படி விட்டா நீங்க எனக்குச் சோறு போடுவீகளா? ஒரு பழைய வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போனாக. செவுத்துல கோடு கோடா வருசம் போட்டிருக்கு. ஆத்துல வெள்ளம் வந்தா தண்ணி எதுமட்டும் நின்னுச்சுன்னு. ஒரு கோடு என் தலைக்கு மேல. வீட்டுக்காரம்மா அந்தக் கோட்டுக்குக் கீழயே உக்காந்து கீரை ஆயுது. நான் அண்ணாச்சிகிட்ட, "பாருங்க, இம்புட்டுத் தண்ணி வந்தும் வீட்ட விட்டுப் போகல"ன்னேன். சும்மா பேச்சுக்குத்தான் சொன்னேன். அவரு அந்தக் கோட்டையே ரொம்ப நேரம் பாத்தாரு.

நம்மாளுக பாதிப்பேரு கோட்டு தைக்க ஓடிட்டாக. அங்க காலையில அளவு குடுத்தா மறுநாள் கோட்டு ரெடி. வேட்டிக்கு மேல கோட்டப் போட்டுப் பாத்துக்கிட்டு நிக்கிறாக. அத விடுங்க.

சாயந்தரம் அஞ்சு மணிக்கே பொழுது மங்கிருச்சு. ஆத்துல சின்னச் சின்ன மரப் படகு, போட்டுன்னுதான் சொல்றாக. ஒவ்வொரு போட்டுலயும் துணி விளக்கு தொங்குது, செவப்பு, பச்ச, ஊதா. காகிதத்துல பூ மாதிரி செஞ்சு உள்ள மெழுகுவத்தி வச்சுக் குடுப்பாக, அத நீட்டுக் கம்புல மாட்டி தண்ணியில இறக்கி விடணும். விடுறப்ப மனசுல ஒண்ணு நெனைக்கணும். "மேக் எ விஷ், எவ்ரிபடி!" நம்ம ஊர்ல ஆடிப்பெருக்குக்கு விடுறதுதான், இங்க தெனமும் விடுறாக.

நானும் அண்ணாச்சியும் ஒரு போட்டு. வயசான ஒரு அம்மா துடுப்பு போடுது. கூம்புத் தொப்பி, பிளாஸ்டிக் மழைக்கோட்டு. அண்ணாச்சி கம்ப வாங்கி விளக்க இறக்குனாரு. அது ஆடிக்கிட்டே நகருது. அப்பத்தான் வாயத் தொறந்தாரு.

"சோலை."

"அண்ணாச்சி."

"பஸ்ல பேசுனேல்ல."

"அதான் மன்னிப்புக் கேட்டேனே அண்ணாச்சி. இனிமே..."

"இன்னொருக்கா பேசு."

"என்னத்தப் பேசச் சொல்றீக?"

"நான் அவகிட்ட ஒண்ணு கேக்கணும். நீ பதில் சொல்லு."

இங்க ஒரு விசயம் சொல்லணும் சார். டூருக்கு வாரதுக்கு முன்னாடியே கடைய ஒருத்தரு விலைக்குக் கேட்டிருந்தாரு. டைல்ஸ் யாவாரம் பண்றவரு. மகளும், "குடுத்துட்டு எங்கூட வந்துருங்கப்பா, பிள்ளை பொறக்கப் போகுது, நீங்க தனியா இருந்து ஓட்டல்ல சாப்பிட்டுக்கிட்டு கெடக்க வேணாம்"னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. அண்ணாச்சி முக்கால்வாசி சரின்னுட்டாரு. டூரு முடிஞ்சு வந்து எழுதிக் குடுக்குறதுன்னு பேச்சு. இது எனக்குத் தெரியும். அந்த டைல்ஸ்காரரு சொந்தமா ஆறு பெயிண்டர் வச்சிருக்காரு, அதுவும் தெரியும். அது வேற விசயம். அத நான் போட்டுல நெனைக்கவே இல்ல.

அண்ணாச்சி என்னையப் பாக்கல. விளக்கப் பாத்துக்கிட்டே கேட்டாரு.

"கனி. கடையக் குடுத்துறவா?"

அந்தத் துடுப்புப் போடுற அம்மா பாட்டுக்கு தண்ணியத் தள்ளுது. அப்பறம் செருமுனேன்.

"ஃகும்ம். இந்தாங்க, கடையக் குடுத்துட்டு என்ன பண்ணுவீக? மக வீட்டு வாசல்ல செருப்புக்குக் காவலா? உங்களுக்கு ஒரு டீ போடத் தெரியுமா, ஒரு ஆணி அடிக்கத் தெரியுமா? நான் இருந்தாலும் இல்லாட்டியும் காலையில ஏழரைக்கு ஷட்டர் மேல போகணும். வெளங்குதா?"

அண்ணாச்சி சிரிச்சாரு சார். நாலு மாசம் கழிச்சு மொத சிரிப்பு. தோளு குலுங்கக் குலுங்கச் சிரிச்சாரு, போட்டு ஆடுது, அந்த அம்மா அவுக பாசையில என்னமோ வையுது. சிரிச்சுக்கிட்டே இருந்தவரு அப்படியே அழுகைக்குப் போயிட்டாரு. மப்ளரால மூஞ்சியத் தொடச்சாரு. "சரி கனி"ன்னாரு. "ஏழரைக்கு"ன்னாரு.

யோசிச்சு சொன்னதில்ல சார். தொண்டையில என்ன வந்துச்சோ அதச் சொன்னேன். அக்கா இருந்தா என்ன சொல்லியிருக்கும்? அதத்தான சொல்லியிருக்கும்? பதினோரு வருசம் பக்கத்துல இருந்து கேட்டவன் நான்.

சரி, டைல்ஸ்காரன் நெனப்பு வந்துச்சு. இல்லங்கல. ஒரு ஓரமா.

ஊருக்கு வந்து மறுநாளே டைல்ஸ்காரருக்குப் போனப் போட்டு, "கடை குடுக்குறதா இல்ல"ன்னுட்டாரு. மக அழுதுச்சு, சண்டை போட்டுச்சு. அண்ணாச்சி அசையல. ஏழரைக்கு ஷட்டர் மேல போகும். ஏழு இருபத்தொம்பது கெடையாது, ஏழு முப்பத்தொண்ணு கெடையாது. மாசியில அவருக்கு நல்ல காய்ச்சல், ஒடம்பு அனலா கொதிக்குது, அன்னைக்கும் ஏழரைக்குத் தொறந்தாரு. "வீட்டுல கெடக்கலாம்ல அண்ணாச்சி"ன்னேன். "அவ கேட்டா என்ன சொல்றது?"ன்னாரு. நான்தான சார் சொன்னது, ஏழரைன்னு. எட்டுன்னு சொல்லியிருக்கலாம்ல? ஒம்பதுன்னு சொன்னாக்கூட யாரு கேக்கப் போறா?

கலர் மிஷின் அவருக்கு வராது. நம்பரு மாத்தி அடிச்சிருவாரு. ரோஸ் கேட்டவனுக்கு கத்திரிப்பூக் கலரு போகும், அவன் வாளியத் தூக்கிட்டு வந்து சத்தம் போடுவான். அண்ணாச்சி கையக் கட்டிட்டு நிப்பாரு. மூட்டு வலி வேற, ஏணியில ஏற முடியாது. ஆனா யாரு பெயிண்டர் கேட்டாலும் "நம்ம சோலையக் கூப்டுங்க"ன்னுருவாரு. வேலைக்கு எனக்குக் கொறையே இல்ல சார், போன வருசத்த விட இந்த வருசம் கூட.

மத்தியானம் கடையில ஆள் இருக்காது. அந்த நேரம் எனக்குப் போன் வரும். "சோலை, சாப்டியா? வா, ஒரு வாய் சாப்பிடலாம்." போவேன். ஓட்டல் பொட்டலத்தப் பிரிச்சு ரெண்டு பங்கு வைப்பாரு. தின்னு முடிச்சுட்டு ஏப்பம் விட்டுட்டு, "ம்... சொல்லு"ம்பாரு. நான் செருமுவேன். "இந்தாங்க, சாம்பார்ல உப்பில்லன்னா கேட்டு வாங்கணும், ஊமையா நீங்க?" சிரிப்பாரு. அஞ்சு நிமிசம். அப்பறம் போயி கல்லாவுல உக்காந்துக்கிருவாரு. தெனமும் சார். நான் போகாத அன்னைக்கு சாப்பிடுறதில்லன்னு எதிர்க்கடை ஆளு சொல்றாரு.

நல்லதுதான பண்றேன்? அப்படித்தான் நெனச்சுக்கிட்டேன். மனுசன் சிரிக்கிறாருல்ல.

போன வாரம் மதிவதனி வந்துச்சு, பிள்ளையத் தூக்கிட்டு. ஆம்பளப் பிள்ளை, ஆறு மாசம், கொழுகொழுன்னு இருக்கான். அண்ணாச்சி இதோட ரெண்டாந்தடவதான் பாக்குறாரு அவன. கோயம்புத்தூர் போனா ஷட்டர் யாரு தொறக்குறது? கவுண்டர் மேல உக்கார வச்சாரு. அவன் கலர் அட்டையப் புடிச்சு வாயில வைக்கிறான். அதுக்குள்ள ஒருத்தன் வாளியத் தூக்கிட்டு வந்துட்டான், கலரு மாறிருச்சுன்னு. பிள்ளையத் தூக்கி மக கையில குடுத்துட்டு அங்கிட்டுப் போயிட்டாரு.

மதிவதனி என்னைய வெளிய கூப்பிட்டுச்சு. "சோலையண்ணே, நீங்கதான கூடப் போனீக? போறப்ப சரின்னுதான் போனாரு. அங்க யாரு என்ன சொன்னா?"

"எனக்கென்னம்மா தெரியும்? ஒரே தூத்தல், நான் அறைக்குள்ளயே கெடந்தேன்"னேன். எனக்குப் பொய் அருவியா வரும் சார், தடங்கலே இருக்காது.

மதிவதனி கைப்பிள்ளைய இடுப்புல மாத்தி வச்சுச்சு. அப்பறம் சொல்லுது. "அம்மா எதுக்கு அந்த டூருக்கு அம்புட்டுக் கஷ்டப்பட்டுச்சு தெரியுமாண்ணே? ஊர் சுத்திப் பாக்கவா? அம்மாவுக்குக் கடை போதும்னு ஆயிருச்சு. காலு வீங்கிப்போயி ராத்திரி எங்கிட்ட போன்ல அழுகும். குடுத்துட்டு கோயம்புத்தூர் வந்துரணும்னு இருந்துச்சு. அப்பாகிட்ட இங்க வச்சுச் சொன்னா, எங்க தாத்தன் வச்ச கடைன்னு எந்திரிச்சுப் போயிருவாருன்னு பயம். அந்த ஊரு படத்தப் போன்ல பாத்துட்டு எங்கிட்டச் சொல்லுச்சு. 'ஆத்துல சின்னப் போட்டு ஓட்டுறாக மதி. அங்க உக்கார வச்சுத்தான் உங்கப்பன்ட்டச் சொல்லணும், கடையக் குடுத்துருவோம்னு. போட்டுல இருந்து எங்கிட்டு எந்திரிச்சுப் போவாரு?' அப்படின்னு சொல்லிச் சிரிச்சுச்சு."

சார், எனக்கு அந்தச் சிரிப்பே கேட்டுச்சு. அந்தப் பிள்ளை சொல்லச் சொல்ல என் காதுல அக்கா சிரிக்குது.

"இத அப்பாகிட்டச் சொல்ல வேண்டியதுதானம்மா?"ன்னேன்.

"எப்படிண்ணே சொல்றது? செத்தவுக பேரச் சொல்லி நான் என் காரியத்தச் சாதிக்கிறேன்னு ஆயிராதா? அவரா வரணும்னு இருந்தேன்."

சொல்லிட்டு மூக்க உறிஞ்சிக்கிட்டே பிள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு உள்ள போயிருச்சு. சாயந்தரம் பஸ் ஏறிருச்சு.

அன்னைக்கு ராத்திரி பூராம் வெறும் மோட்டுவளையப் பாத்துக்கிட்டே கெடந்தேன். எம்பொண்டாட்டி, "என்ன, யார் மாதிரியும் பேசாம சும்மா கெடக்கீக, ஒடம்புக்கு முடியலயா?"ங்குறா.

மறுநாள் மத்தியானம் போன் வந்துச்சு. போனேன். பொட்டலத்தப் பிரிச்சாரு. எனக்கு எறங்கல. அவரு, "ம்... சொல்லு"ன்னாரு. நான் சொன்னேன், "அண்ணாச்சி, நான் ஒண்ணு சொல்லணும். நானாச் சொல்றேன், சோலையாச் சொல்றேன். அன்னைக்குப் போட்டுல கடையக் குடுக்காதீகன்னு சொன்னது நான். அக்கா இல்ல."

அவரு என்னைய ஒரு மாதிரி பாத்தாரு. "ஏண்டா, எனக்குத் தெரியாதா? பின்ன ஆவியா வந்து சொல்லும்? பேசுனது நீதான். சொன்னது அவ."

"இல்ல அண்ணாச்சி. சொன்னதும் நான்தான். எனக்கு வேலை போயிரும்னு..."

"போடா. அதுலாம் ஒனக்கு வராது. செருப்புக்குக் காவலாங்குறதெல்லாம் ஒனக்கு வருமாக்கும்? அது அவ பேச்சு. எனக்குத் தெரியாதா அவ பேச்சு?"

நான் என்ன செய்ய சார்? மதிவதனி சொன்னதச் சொன்னா, "ஓ, அவ தூண்டிவிட்டாளா"ன்னு மக மேல பாய்வாரு. அந்தப் பிள்ளை எதுக்குச் சொல்லாம இருந்துச்சோ அதுவே நடக்கும். எனக்கு இருக்கது ஒண்ணே ஒண்ணுதான். செருமுனேன். நல்லா மூச்ச இழுத்து, அக்காவ மனசுல நிறுத்தி.

"இந்தாங்க, போதும். எங்காலு வீங்கிப்போச்சு. கடையக் குடுத்துருவோம். மதி வீட்டுக்குப் போயி பேரன மடியில வச்சுக்கிட்டு இருப்போம். வெளங்குதா?"

அண்ணாச்சி காத ஒரு பக்கமாச் சாச்சுக் கேட்டாரு, புது டின்ன தட்டிப் பாக்குற மாதிரி. அப்பறம் தலைய ஆட்டுனாரு.

"இல்லடா. இது அவ இல்ல."

"அக்காதான் அண்ணாச்சி."

"அவளாவது, போதும்னு சொல்றதாவது! முப்பது வருசம் கேட்டவன் நான். ஒருநா கால் வலிக்குதுன்னு எங்கிட்டச் சொன்னதில்ல அவ." சொல்லிட்டு சிரிச்சாரு. "இன்னைக்கு ஒனக்கு வரல. காச்சலா? சோத்தத் தின்னு மொதல்ல."

நான் மறுக்கா சொல்லிப் பாத்தேன் சார். மூணு தரம். மெதுவா, வேகமா, அழுகுற மாதிரி. ஒவ்வொண்ணுக்கும், "ம்ஹூம்"ங்குறாரு. மூணாவதுக்கு மூஞ்சி வாடிருச்சு அவருக்கு. கையில சோத்த வச்சுக்கிட்டு திங்காம உக்காந்திருக்காரு. "ஏண்டா, மறந்துட்டியா அவள?"ன்னாரு. "மறந்துறாதடா. எங்கிட்டக் குரலே இல்ல, போன்ல பதிஞ்சுகூட வைக்கல. போட்டுல சொன்னேல்ல, அதச் சொல்லு. வருதா பாப்போம்."

சொல்லக்கூடாது சார். எனக்குத் தெரியுது, அந்த எடத்துல வாயப் பொத்திக்கிட்டு எந்திரிச்சு வந்துரணும்னு. பெரிய மனுசன் பிச்ச கேக்குற மாதிரி என் வாயவே பாத்துக்கிட்டு இருக்காரு.

சொன்னேன்.

செருப்புக்குக் காவலான்னு கேட்டேன். ஏழரைக்கு ஷட்டருன்னு சொன்னேன். அவரு தொடையத் தட்டித் தட்டிச் சிரிக்கிறாரு, "இதான், இதான் அவ"ங்குறாரு, சோத்தக் கவளங்கவளமா உருட்டித் திங்குறாரு.

உள்ளதச் சொல்லிருறேன் சார், நீங்க காறித் துப்புனாலும் சரி. அன்னைக்கு வந்த மாதிரி என்னைக்குமே வந்ததில்ல. சிரிப்பு, இழுவை, மூச்சு வாங்குறது, அம்புட்டும் அச்சு. கல்லாவுக்கு அந்தப் பக்கம் அக்காவே நின்னுச்சு. எனக்குச் சந்தோசமா இருந்துச்சு சார்.